ஐந்தாவது கேள்வி

மார்ச் 3

தங்கைக்கு,

பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

உன் மாலைக் கல்லூரியில் முதுகலை இறுதித் தேர்வு எழுதிய நாற்பத்து மூன்று பேரின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது உனக்குத் தெரியும். நாடகத் தாளின் ஐந்தாவது கேள்வி, தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே நீ கொடுத்த பாடக்குறிப்பில் சொல் பிசகாமல் இருந்ததாக இன்னொரு கல்லூரியிலிருந்து புகார் போயிருக்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த வினாத்தாளை அமைத்தவள் நான்.

இருவரும் ஒரே கேள்வியைத்தான் பேசுகிறோமா என்று உறுதி செய்துகொள்ள இங்கே எழுதுகிறேன்: “தோற்று ஓடிவரும் அண்ணனுக்குக் கோட்டைக் கதவைத் திறக்காமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்ற தம்பியிடம் முதலில் எழுந்தது அச்சமா, ஆசையா? இரண்டுக்கும் நடுவே அவன் எத்தனை மூச்சு விட்டிருப்பான்?”

எத்தனை மூச்சு என்று வேறு யாரும் கேட்கமாட்டார்கள். விசாரணைக் குழுவும் அதையேதான் சொல்கிறது. தற்செயல் என்றால் சிரிக்கிறார்கள். கேள்வி வெளியே போனது என்னிடமிருந்து என்று முடிவானால் எனக்கு வேலை போகும். உன் மாணவர்களின் தேர்வு ரத்தாகும். விசாரணை இருபத்து நான்காம் தேதி.

எனக்கு வேண்டியது அந்த நாடகப் புத்தகம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இரண்டு வருடம் வீட்டில் நின்று, பிறகு உன் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தபோது, நாம் இருவரும் சேர்ந்து படித்த ஒரே பிரதி. ஒரு மேசை, ஒரு புத்தகம். நான் நேராகப் படிக்கும் பக்கம், நீ எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாகப் படிப்பாய். அந்தக் கேள்வி அறுபத்தொன்றாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது. நம் பேராசிரியர் பார்த்து, மையில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறார். கேள்விக்கு இருபத்தைந்து வயது என்று அது சொல்லும். வீட்டைக் காலி செய்தபோது நீதான் அதை எடுத்துக்கொண்டு போனாய்.

பதிவுத் தபாலில் அனுப்பு. தொலைபேசியில் அழைக்காதே. அழைப்புப் பட்டியலைக் கேட்பார்கள். படிவம் ஒன்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது என் பாடு.

அக்கா


மார்ச் 7

அக்கா,

“தங்கைக்கு” என்று ஆரம்பித்திருக்கிறாய். தண்ணீர் வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதமோ என்று இரண்டு முறை உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

நீ அமைத்த தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? யார் அமைக்கிறார்கள் என்பது ரகசியம். வருடா வருடம் நான் வகுப்பில் கேட்கும் கேள்வி அது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து தூக்கத்தோடு உட்கார்ந்திருப்பவர்களை எழுப்ப அதைப்போல வேறு கேள்வி கிடையாது. இந்த வருடம் பேருந்து நடத்துநர் ஒருவர், “கை காட்டுனவங்களுக்கெல்லாம் வண்டிய நிறுத்திக்கிட்டிருந்தா நான் டிப்போ போய்ச் சேர முடியாது மேடம், தம்பி செஞ்சது சரிதான்” என்றார். பிரசவ வார்டில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஒருத்தி இருக்கிறாள். எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. அவள் எழுந்து சொன்னாள்: “அந்தத் தம்பிய எங்க வார்டுக்கு அனுப்பியிருக்கணும். பல்ஸ் பாத்தே சொல்லியிருப்பேன், பயமா ஆசையான்னு.” வகுப்பு முழுக்கச் சிரித்தது.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. புகாரோடு போன நகல் அவளுடைய நோட்டிலிருந்து எடுத்தது. வேறு கல்லூரியில் படிக்கும் தோழிக்குக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பள்ளியில் வேலை உத்தரவு வந்திருக்கிறது. சான்றிதழோடு ஏப்ரல் பத்துக்குள் சேர வேண்டும். தினமும் பணி முடிந்ததும் சீருடையோடே வந்து, “மேடம், ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

உன் படிவச் சிக்கலை எங்கள் முதல்வர் எனக்குக் காட்டினார், வினாத்தாள் அமைப்பவர் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம். “இந்தத் தாளைக் கற்பிக்கும் நெருங்கிய உறவினர் எவரேனும் உண்டா?” அதன் எதிரே உன் கையெழுத்தில், அழுத்தமாக, இல்லை.

“உங்க அக்காவாமே? அவங்க இல்லன்னு எழுதியிருக்காங்களே?” என்று கேட்டார். அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி துணை முதல்வர் பதவிக்கு நேர்காணல். நான்கு வருடமாகக் காத்திருக்கிறேன். அந்தப் புத்தகம் மேசைக்கு வந்தால் அதோடு நானும் வருவேன். முதலில் அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல். பிறகு அனுப்புகிறேனா என்று யோசிக்கிறேன்.

சின்னவள்
(அப்படி ஒருத்தி இருந்தால்)


மார்ச் 10

சின்னவளுக்கு,

விளக்கம் கேட்டாய். ஆசிரியர் அறையில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பூர்த்தி செய்தேன். பேனா அந்த இடத்தில் நின்றது. உண்டு என்று எழுதினால் உன் பெயர், கல்லூரி, முகவரி எழுத வேண்டும். பதினோரு ஆண்டுகளாக நான் எழுதாத பெயர். மணி அடித்தது. இல்லை என்று எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. அதுதான் மோசம்.

ஏன் அப்படி எழுத முடிந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஒரு முறையாவது சொல்லி முடிப்போம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் உன் கல்லூரியில் இருந்த ஒரே ஆசிரியர் பணியிடத்துக்கு நாம் இருவரும் நேர்காணலுக்குப் போனோம். அதற்கு முந்தைய வருடம் நான் மனநலப் பிரிவில் நாற்பது நாள் இருந்தேன். தேர்வுக் குழுவில் இருந்த அம்மையார் பிற்பாடு என்னிடம் சொன்னார். உன்னிடம் கேட்டார்களாம்: “உங்க அக்கா ஆஸ்பத்திரியில இருந்தாங்களாமே, இப்ப நல்லா இருக்காங்களா?” நீ மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம்.

“நல்லா இருக்காங்க.” இரண்டே சொல், அதை நீ சொல்லவில்லை. நீ ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தவள். நான் நன்றாக ஆனதைப் பார்த்தவள். எனக்கு எதிராக நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது உண்மை. நாடகத்தில் தம்பியும் யாரையும் கொல்லவில்லை.

இனி என் நிலைமை. இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், பாதி தற்காலிகமாகவே. சக ஆசிரியர்கள் நான் உள்ளே போனால் பேச்சை மாற்றுகிறார்கள். துறைத் தலைவர் நேற்று என் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். “ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். தூக்கம் நின்றுவிட்டது. நாற்பது நாள் இருந்த இடத்துக்கு மறுபடி போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அனுப்பு.

அக்கா


மார்ச் 14

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதை ஒரே மூச்சில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

அந்த அம்மையார் சொன்னது சரி. கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. நல்லா இருக்காங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொன்னால் வேலை உனக்குப் போகும் என்று தோன்றியது, மூடிக்கொண்டேன். அவ்வளவுதான். நடுவே எத்தனை மூச்சு என்று நீ கேட்கலாம். ஒன்றுகூட இல்லை. இருபத்தைந்து வருடம் முன்பு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நீ அச்சம் என்று வாதாடினாய், நான் ஆசை என்றேன். எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறது.

வகுப்புக்குப் பையில் கொண்டுபோகும் புத்தகம்தான், அந்தப் பக்கத்து ஓரத்தை இன்றுதான் கவனித்துப் பார்த்தேன். அட்டை கழன்றிருக்கிறது. அறுபத்தொன்றாம் பக்கத்தில் உன் குறிப்புகள் நேராக, என்னுடையவை தலைகீழாக. ஐந்தாவது கேள்வி தலைகீழாக இருக்கிறது அக்கா. அது என் கேள்வி. இத்தனை வருடமும் உன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாயா? போகட்டும். எனக்குக்கூட நினைவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். முதல்வர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழுவுக்கு இப்போது உன்மேல் அவ்வளவாகச் சந்தேகம் இல்லையாம். அச்சகத்திலிருந்து மாணவர்களில் ஒருத்தி கேள்வியை வாங்கி, வகுப்புக் குறிப்போடு சேர்த்துவிட்டாள் என்று போகிறார்களாம். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம இருந்தீங்கன்னா போதும். படிவத்துல விட்டுப்போச்சுன்னு அவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்” என்றார். ஒருத்தி என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. நகல் யாருடைய நோட்டு என்று எல்லோருக்கும் தெரியும்.

உன் வேலை இருக்கும். எனக்கு நேர்காணல் இருக்கும். என்ன செய்யட்டும், நீயே சொல். எப்போதும் நீதானே நேராகப் படிப்பவள்.

சின்னவள்


மார்ச் 17

சின்னவளே,

உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். மறைப்பதில் பயனில்லை. வகுப்பில் ஒரு நகைச்சுவைகூடச் சொன்னேன். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். சாப்பிட்டேன், தூங்கினேன்.

இன்று காலை அந்த நாடகத்தை நடத்த வேண்டியிருந்தது. மூன்றாம் அங்கம். அண்ணன் வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி காவலர்களிடம் சொல்கிறானே, அது காற்று என்று. ஒரு மாணவி எழுந்து, “மிஸ், அவனுக்கு அது அண்ணன்னு தெரியும்தானே?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். “அப்ப காவலர்களுக்கு?” என்றாள். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் தெரியும் என்றேன். அதற்குமேல் நடத்த முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பை விட்டுவிட்டேன்.

நமக்கும் தெரியும். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாதது ஒரு வசதிதான். நீ அவளைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதியிருக்காவிட்டால் இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

நான் போய்ச் சொல்லப் போகிறேன். எனக்கு ஒரு தங்கை உண்டு, இல்லையென்று எழுதியது நான், கேள்வி எங்கள் வீட்டு மேசையில் பிறந்தது என்று. வெறும் வாய் வார்த்தையை நம்பமாட்டார்கள். ஏற்கனவே ஒரு பொய் எழுதிக் கொடுத்தவள் நான். அதனால் புத்தகம் வேண்டும். நீ வர வேண்டாம். நேர்காணலுக்குத் தயாராகு. புத்தகத்தை மட்டும் அனுப்பு. கேள்வி என் கையெழுத்து என்றே சொல்லிக்கொள்கிறேன். தலைகீழாக எழுதியிருந்தால் யார் எழுத்தென்று யாருக்குத் தெரியும்?

இது கிடைத்த அன்றே அனுப்பினால்தான் விசாரணைக்கு முன் வந்து சேரும்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நேற்று மாலை முதல்வர் அறை. குழுவிலிருந்து ஓர் அதிகாரி, முதல்வர், நான், நர்ஸம்மா. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க முதல்வர் தன் கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார். அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. “இங்க பாரும்மா, அச்சகத்துல வாங்கினேன்னு நீ ஒருத்தி எழுதிக் குடுத்தா மத்த நாப்பத்திரண்டு பேருக்கும் ரிசல்ட் வந்துடும். இல்லன்னா எல்லாருக்கும் ரத்து. அவங்க வயித்தெரிச்சல் உனக்கெதுக்கு?” என்றார்.

“நான் யார்கிட்டயும் வாங்கல சார். மேடம் வகுப்புல சொன்னதத்தான் எழுதினேன்” என்றாள்.

“மேடத்துக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள். நாற்காலியின் அருகே தரையில் இருந்தது. உள்ளே புத்தகம். உனக்கு அனுப்பத்தான் கொண்டு வந்திருந்தேன். போகிற வழியில் தபால் நிலையத்தில் இறங்கலாம் என்றிருந்தேன், சத்தியமாக.

ஜிப்பை இழுத்தால் போதும்.

இந்தத் தடவை எண்ணினேன் அக்கா. பதினேழு மூச்சு. பதினேழாவது மூச்சில் அவள், “பேனா குடுங்க சார்” என்றாள்.

வெளியே வந்து தபால் நிலையம் வரை நடந்தேன். மூடியிருந்தது. இன்று காலை திறந்திருந்தது. இன்றும் நான் போகவில்லை. இதை மட்டும் தபாலில் போடுகிறேன். ஏன் என்று கேட்காதே. அனுப்பினால் நேற்று பையில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். என்னால் முடியவில்லை.

சின்னவள்


மார்ச் 22

சின்னவளே,

திட்டி எழுத உட்கார்ந்தேன். உன்னைத் திட்டுவதற்குப் பதினோரு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சொற்கள் என்னிடம் உண்டு. எல்லாமே எனக்கும் பொருந்துகின்றன. அந்தப் படிவத்தை எழுதியபோது எனக்குப் பேனா நின்ற நேரம் இருந்தது. நான் எண்ணவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாளை மறுநாள் போகிறேன். புத்தகம் இல்லாமலேயே சொல்வேன். நம்பாவிட்டாலும் குறிப்பில் ஏறும்.

ஒன்று மட்டும் கேள். பயந்தவன் வேறு, ஆசைப்பட்டவன் வேறு என்று நாம் இரண்டு வருடம் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டோம். கதவுக்கு வெளியே நின்றவனுக்கு அதில் என்ன வித்தியாசம்? அதை நாம் கேட்கவே இல்லை.

பத்தரை மணிக்கு விசாரணை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துக்கொள்கிறேன். நீ வந்தால் எடுத்துவிடுவேன்.

அக்கா


மார்ச் 25

சின்னவளே,

நீ வரவில்லை. பையை எடுக்கவில்லை.

சொன்னேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். “இதுல இல்லன்னு இருக்கு. இப்ப உண்டுங்கறீங்க. எதம்மா நம்பறது?” ஒருவர் என் பழைய கோப்பைத் திறந்து, “நீங்க கொஞ்ச நாள் ட்ரீட்மென்ட்ல இருந்தீங்க இல்ல?” என்று கேட்டார். ஆமாம், இப்போது நன்றாக இருக்கிறேன் என்றேன். அந்த இரண்டு சொல்லை நானே சொல்லிக்கொண்டேன். சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை என்று இப்போது தெரிகிறது.

அந்தப் பெண்ணின் வாக்குமூலம் இருக்கும்போது என் பேச்சுக்கு எடை இல்லையாம். புத்தகம் இருந்தால் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொண்டு வரலாம், இல்லையென்றால் கோப்பை மூடுகிறார்கள்.

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். கெஞ்ச எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த இடத்தில் கெஞ்சியிருப்பேன்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

போனேன்.

திங்கட்கிழமை பதினொன்றே முக்கால். பேருந்தில் நடத்துநர் எங்கள் நடத்துநர்தான். பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். இறங்குமிடம் வருவதற்கு முன்பே மணியை இழுத்துக் கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்தினார்.

அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து தலைவர் முன்னால் வைத்தேன். படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். “புத்தகத்தத் திருப்பிப் புடிங்க சார்” என்றேன். திருப்பினார். படித்தார். பேராசிரியரின் கையெழுத்தையும் தேதியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். யாருடைய எழுத்து என்று கேட்டார்கள். “என்னோடது. நேரா இருக்கறது எங்க அக்காவோடது” என்றேன். இதை முன்பே ஏன் கொண்டு வரவில்லை என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். பையில் இருந்ததைச் சொன்னேன். அந்த அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

இன்று உத்தரவு வந்தது. நாற்பத்து இரண்டு பேருக்கு முடிவு வெளியிடப்படும். தவறான உறுதிமொழிக்காக நீ தற்காலிகப் பணிநீக்கம். என் பெயர் நேர்காணல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. நர்ஸம்மாவுக்கு ஒரு வருடம் தடை. கேள்வி கசியவில்லை என்று ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் பொய் வாக்குமூலம் கொடுத்தாளாம். அந்த வாக்குமூலத்தை அவளிடமிருந்து யார் வாங்கியது என்று உத்தரவில் இல்லை. பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவள் பள்ளியில் சேர வேண்டிய நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

மாலை வகுப்புக்கு வந்திருந்தாள். நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் தடுத்துவிட்டாள். அவள் சீக்கிரம் வருகிற நாட்களில் என் மேசையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தக் கேள்வி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அன்று புத்தகம் என் பையில்தான் இருக்கும் என்பதும் தெரியும்.

“பை ரொம்பக் கனமா இருந்துச்சா மேடம் அன்னிக்கு?” என்று கேட்டாள். கேலியாக இல்லை. நோயாளியிடம் வலிக்கிறதா என்று கேட்பாளே, அந்தக் குரலில்.

நோட்டுகளை வாங்கி மேசையில் அடுக்கினேன். எத்தனை மூச்சு என்று எண்ணவில்லை. அக்கா, நான் என்ன செய்யட்டும்?

சின்னவள்


ஏப்ரல் 3

சின்னவளே,

என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. மேல்முறையீடு எழுதத் தெரியும். ஏழு நாளில் முடிவு வருமா என்றால் வராது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுவோம். பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதுவோம், சேரும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி. நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு, நடந்தது நடந்தபடி. அவள் நம் முகத்தைப் பார்க்க விரும்பாவிட்டால் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும்.

பணிநீக்கக் காலத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நெருங்கிய உறவினர், உறவுமுறை, முகவரி என்று அதிலும் ஒரு இடம் இருந்தது. உன் கல்லூரி முகவரிக்கே எழுதிக்கொண்டிருந்ததால் உன் வீட்டு எண் தெரியவில்லை. உன் கடித உறையைப் பார்த்து எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உன் வீட்டில் மேசை இருக்கிறதா? ஒன்று போதும். அந்தப் பெண்ணின் கோப்பு, உத்தரவு, புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வை. நீ நேராகப் படிக்கும் பக்கம் உட்கார்ந்துகொள்.

இந்த முறை தலைகீழாக நான் படிக்கிறேன்.

அக்கா